பிணைச்சல் முறிவதில்லை, கழல்கிறது

காசல்ரீ நீர்த்தேக்கத்தில் மிதவை விமானம் வந்து இறங்கினால் கரையில் நிற்கிறவர்கள் பார்ப்பது சுழலும் விசிறியையும் தெறிக்கும் தண்ணீரையும்தான். வால் பக்கம் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இன்னொன்று தெரியும். செங்குத்தாக நிற்கும் வாலின் பின்பாதி இடமும் வலமுமாகத் திரும்பும். கிடையாக இருக்கும் வாலின் பின்பாதி மேலும் கீழுமாக அசையும். இறக்கை நுனியை ஒட்டியும் அப்படி ஒரு துண்டு அசையும். ரடர், எலிவேட்டர், ஏலரான் என்பவை அவை. விமானி சொல்வதை விமானம் கேட்பது இந்த மூன்றின் வழியாகத்தான். மூன்றும் விமானத்தோடு சேர்ந்திருப்பது விரலளவு பிணைச்சல்கள் சிலவற்றால்.

கம்பனியில் செய்து வரும் விமானத்தில் அந்தப் பிணைச்சல்களைப் பொறியியலாளர்கள் கணக்குப் பார்த்து, சோதித்து, அத்தாட்சியும் வாங்கியிருப்பார்கள். வீட்டுக் கொட்டகையில் கட்டும் விமானத்தில் அந்த வேலை கட்டுகிறவர் தலையில் விழுகிறது. அமெரிக்காவில் 1953 இல் பால் பொபரெஸ்னி மில்வாக்கி நகரில் தொடங்கிய சோதனை விமானச் சங்கம் இந்தப் பழக்கத்தை ஓர் இயக்கமாகவே வளர்த்தது. அங்கே விமானத்தின் பெரும்பகுதியைக் கட்டுகிறவரே செய்திருந்தால் அது 'அமெச்சூர்' விமானம் என்ற வகைக்குள் வரும். நம் நாட்டிலும் இது புதிதில்லை. 2010 இல் காலமான பொறியியலாளர் ரே விஜயவர்தன சின்ன விமானங்களையும் சுழலிறகு வண்டிகளையும் தானே வடிவமைத்துப் பறந்தவர். சட்டம் மட்டும் தெளிவாக இருக்கட்டும்: 2010 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க சிவில் விமானச் சேவைகள் சட்டத்தின் கீழ், சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் இங்கே எதுவும் மேலே எழும்பக் கூடாது. கொட்டகையில் கட்டுவது ஒன்று, பறப்பது இன்னொன்று.

மலையகத்தில் இதற்குக் கை பஞ்சமில்லை. தேயிலைத் தொழிற்சாலை வேர்க்‌ஷொப்பில் ரோலரையும் டிரையரையும் திருத்திப் பழகியவருக்கு லேத்து, ரிவெட், புஷ் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அந்தப் பழக்கமே இங்கே ஓரிடத்தில் தப்பான பக்கம் இழுக்கும். தொழிற்சாலைக்காரர் முதலில் கேட்பது 'தாங்குமா?' என்பதுதான். தடிப்பான இரும்பு, பெரிய போல்ட், கவலை முடிந்தது. விமானப் பிணைச்சலுக்கு அந்தக் கேள்வி ஏறக்குறைய தேவையே இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் கடல்மட்டக் காற்றின் இயக்க அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 1900 நியூட்டன். 0.3 சதுர மீட்டர் பரப்புள்ள ஏலரான் ஒன்றில் சராசரியாக அதில் பாதி அழுத்தம் விழுகிறது என்று வைத்தால் மொத்த விசை 285 நியூட்டன், அதாவது 29 கிலோ பாரம். மூன்று பிணைச்சல் இருந்தால் ஒன்றுக்குப் பத்துக் கிலோ. 'ஏஎன்' என்ற அமெரிக்க விமானத் தரத்தில் வரும் போல்ட்களில், விமான வேலையில் அதிகம் புழங்கும் மிகச் சின்னது ஏஎன்3. அதன் விட்டம் ஓர் அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு, 4.76 மி.மீ. அதைக் குறுக்காக வெட்டி முறிக்க 900 கிலோவுக்கு மேல் பாரம் வேண்டும். நான் போட்ட கணக்கை மூன்று மடங்காக்கினாலும், ஐந்து மடங்காக்கினாலும் அந்த போல்ட்டுக்கு அது உறைக்காது.

அப்படியென்றால் பிணைச்சல் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு? காரணம், அது தேய்கிறது, கழல்கிறது, இறுகிப் பிடிக்கிறது. முறிவது கடைசியில்தான், அதுவும் இந்த மூன்றில் ஒன்று முதலில் நடந்த பிறகு. அமெரிக்கச் சிறு விமான விதிகள் 2017 இல் மாற்றி எழுதப்படுவதற்கு முன் இதை எண்ணாகவே சொல்லி வைத்திருந்தன. விமானத்தின் மற்றப் பாகங்களுக்கு வழக்கமான பாதுகாப்பு மடங்கு 1.5. அசையும் பரப்பின் பிணைச்சலுக்கோ, அதில் உராயும் இரண்டு உலோகங்களில் மென்மையானதன் தாங்குதிறனை வைத்து 6.67 மடங்கு. விமானியின் கையசைவைப் பரப்புக்குக் கொண்டுபோகும் தள்ளுகோல்களின் மூட்டுகளுக்கு 3.33, கேபிள் மூட்டுகளுக்கு 2. பாரம் சுமந்தபடியே திரும்பத் திரும்ப உராய்கிற இடம் என்பதால் தேய்மானத்துக்கு விட்ட இடம்தான் அந்த 6.67. குண்டு பெயாரிங் போட்ட பிணைச்சலுக்கு இது பொருந்தாது. அங்கே பெயாரிங் செய்தவர் சொன்ன அளவைத் தாண்டாமல் இருந்தால் போதும். வீட்டில் கட்டுகிறவரை இந்த விதிகள் கட்டுப்படுத்துவதில்லை. ஆனாலும் நல்ல வடிவமைப்பாளர்கள் இவற்றையே கையில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள்.

சரி, எந்தப் பிணைச்சல்? வரைபடம் வாங்கிக் கட்டுகிறவருக்குப் பெரும்பாலும் வடிவமைப்பாளரே முடிவு செய்து கொடுத்திருப்பார். அதை மாற்றாதீர்கள். ஏன் அதைப் போட்டார் என்று விளங்கிக்கொள்வதற்காக மட்டும் வகைகளைப் பார்ப்போம்.

அதிகம் கண்ணில் படுவது பியானோ பிணைச்சல். அலுமாரிக் கதவில் மேலிருந்து கீழ்வரை ஓடுமே, அதே சாதி. இரண்டு தகடு, ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் கண்கள், நடுவே நீளமாக ஓடும் ஊசிக்கம்பி. அலுமாரிக்கு வருவதில் தகட்டின் விளிம்பைச் சுருட்டித்தான் கண் செய்கிறார்கள். இழுவிசை ஏறினால் சுருள் விரியும். விமானத்துக்கு வரும் எம்எஸ்20001 தரத்தில் கண்ணும் தகடும் ஒரே துண்டாக அச்சிலிருந்து பிதுக்கி எடுத்த அலுமினியக் கலவை. விரிய அங்கே சுருளே கிடையாது. அட்டன் ஹார்ட்வெயார் கடையில் தொங்குவதும் இதுவும் தூரத்தில் ஒரே மாதிரித் தெரியலாம். கண்ணின் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள்: சுருட்டியதில் ஒரு வெடிப்புக் கோடு தட்டுப்படும்.

பியானோ பிணைச்சலின் பெரிய வசதி, பாரம் நீளம் முழுவதும் பகிர்வது. ஒரு கண் போனாலும் பக்கத்துக் கண்கள் பிடித்துக்கொள்ளும். இடைவெளியால் காற்று ஒழுகுவதும் குறையும். ஃபிளாப் (இறங்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் கீழே தாழ்த்தும் பரப்பு), டிரிம் டாப் (அசையும் பரப்பின் பின்விளிம்பில் இருக்கும் சின்னத் துணைப் பரப்பு), சின்ன ஏலரான் போன்றவற்றுக்கு நன்றாக ஒத்துப்போகும். தொல்லையும் அந்த நீளத்தில்தான். பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளையும். நேர்கோட்டில் இருந்த ஊசிக்கம்பி அப்போது வில்லாக வளைய வேண்டும், வளைந்தால் உராய்வு கூடும். அதனால்தான் முழு நீளத்துக்கும் ஒன்றாகப் போடாமல் துண்டு துண்டாகப் போடும் வடிவமைப்புகளும் உண்டு. தேய்ந்தால் ஒரு கண்ணை மட்டும் மாற்ற முடியாது. ரிவெட் அத்தனையும் துளைத்தெடுத்து முழுப் பிணைச்சலையும் மாற்ற வேண்டும். ரிவெட் அடிக்கும்போது தகட்டின் விளிம்பிலிருந்து துளையின் நடுவுக்குக் குறைந்தது ரிவெட் விட்டத்தின் இரண்டு மடங்கு இடம் விட வேண்டும் என்பது பொது விதி. எட்டில் ஓர் அங்குல ரிவெட்டுக்குக் கால் அங்குலம். பிணைச்சலின் ஒடுங்கிய தகட்டில் இந்த அளவு மிக எளிதாகத் தவறிப்போகும். முதல் துளையையும் கடைசித் துளையையும் குறித்து, நடுவே நூல் பிடித்துத்தான் மற்றவற்றைக் குறிக்க வேண்டும்.

இரண்டாவது வகை பிராக்கெட்டும் போல்ட்டும். இறக்கைப் பக்கம் ஒரு காது, ஏலரான் பக்கம் ஒரு கவை, நடுவே புஷ் (போல்ட்டைச் சூழ்ந்த சின்ன உலோகக் குழாய்) அல்லது பெயாரிங், அதன் ஊடாக ஒரு போல்ட். பார்க்க எளிது. இதில் தெரிந்துவைக்க வேண்டிய சங்கதி ஒன்றுதான்: போல்ட் சுழலக் கூடாது. புஷ்ஷின் உள்வளையத்தைக் கவையின் இரண்டு காதுகளுக்கும் நடுவே போல்ட் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். சுழற்சி புஷ்ஷுக்கும் வெளிவளையத்துக்கும் இடையில் நடக்க வேண்டும். புஷ் அரை மில்லிமீட்டர் கட்டையாக இருந்தால் என்ன ஆகும்? போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் அது புஷ்ஷைப் பிடிக்காது, காதுகளைத்தான் வளைக்கும். அப்புறம் புஷ்ஷும் போல்ட்டும் சேர்ந்து அலுமினியக் காதுக்குள் சுழலத் தொடங்கும். வட்டத் துளை நீள்வட்டமாகும். வெளியே பார்த்தால் எல்லாம் இறுக்கமாகத்தான் தெரியும்.

மூன்றாவது, முனையில் உருண்டை பெயாரிங் உள்ள திருகுகோல். இங்கே பலரும் ராட் எண்ட் என்பார்கள். வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்வி வரிசை விமானங்களில் எலிவேட்டரும் ரடரும் இப்படித்தான் மாட்டப்படுகின்றன. கோலை எலிவேட்டரின் ஸ்பாருக்குள் (நீளவாக்கில் ஓடி அதைத் தாங்கும் முதுகெலும்பு) திருகி உள்ளேயோ வெளியேயோ விட்டால் பிணைச்சல் கோடு சரியாகிவிடும். உருண்டை எந்தப் பக்கமும் சாய்வதால் வால் வளைந்தாலும் இறுகாது. இதற்கென்று ஒரு கவலையும் உண்டு. உருண்டையைப் பிடித்திருக்கும் வெளிவளையம் தேய்ந்தாலோ வெடித்தாலோ உருண்டை கழன்று வந்துவிடும். போல்ட்டும் நட்டும் அப்படியே இருக்க, எலிவேட்டர் மட்டும் கையை விட்டுப் போகும். பெயாரிங்கின் பக்கத்தில், அதன் வளையத் துளையைவிடப் பெரிய வாஷர் ஒன்றைப் போட்டால் உருண்டை போனாலும் வாஷர் பிடித்துக்கொள்ளும். மலிவான ஒரு வாஷர். எத்தனையோ கொட்டகைகளில் அது 'இடம் போதவில்லை' என்று விடுபடுகிறது. இடம் போதவில்லை என்றால் பிராக்கெட்டைத் திருத்த வேண்டும், வாஷரை விடக் கூடாது.

பிணைச்சலே இல்லாத வகையும் உண்டு: இறக்கையின் மேல்தகடே தொடர்ந்து ஓடி, அது வளைவதே பிணைச்சலாக வேலை செய்யும். ஸோடியாக் சிஎச்601 எக்ஸ்எல் விமானத்தில் இப்படியோர் ஏலரான் இருந்தது. அந்த ரகத்தில் ஆகாயத்திலேயே உடைந்து விழுந்த விபத்துகள் தொடர்ந்து நடந்ததால், 2009 ஏப்ரலில் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அவற்றைப் பறக்க விடாமல் நிறுத்தும்படி கேட்டது. கேபிள் தளர்ந்து ஏலரான் அதிர்வதைக் காரணமாகச் சந்தேகித்தது. பிறகு வந்த திருத்தத் தொகுதியில் இறக்கை அமைப்பைப் பலப்படுத்தியதோடு ஏலரானுக்கு எதிர்ப்பாரமும் சேர்த்தார்கள். பழியை வளையும் தகட்டின் மேல் மட்டும் போடுவது நியாயமில்லை. ஆனால் அசையும் பரப்பு, அதன் பிணைப்பு, அதை இழுக்கும் கேபிள், அதன் எடைச் சமநிலை எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இனி, கழல்வது. என் பார்வையில் பிணைச்சலைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது 'இதன் ஊசி எதனால் உள்ளே நிற்கிறது? நிற்பதை நான் எப்படிக் கண்ணால் பார்ப்பேன்?' என்பதுதான். இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத பிணைச்சல் எவ்வளவு பலமானதாக இருந்தாலும் வேண்டாம்.

கொழுந்து லொறியின் பின்கதவைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. தோட்டத்து ரோட்டில் ஒரு மாதம் ஓடினால் கதவின் பிணைச்சல் கம்பி தானாகவே ஒரு பக்கமாக நகர்ந்து வெளியே தலை நீட்டும். யாரும் இழுக்கவில்லை. அதிர்வும் கதவின் அசைவும் சேர்ந்து தள்ளிவிடுகின்றன. டிரைவர்மார் அதைச் சுத்தியலால் தட்டி உள்ளே விட்டு, முனையை வளைத்துக் கம்பி கட்டிவிடுவார்கள். பியானோ பிணைச்சலின் ஊசிக்கம்பியும் அப்படித்தான் நடந்து போகும். எஞ்ஜின் அதிர்வு நிமிடத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தட்டு. கம்பி இறுக்கமாக இருக்கிறது, உள்ளே விடுவதற்கே பட்ட பாடு போதும் என்று நம்பி விடுவதுதான் ஆபத்து. புதுப் பிணைச்சலின் இறுக்கம் முதல் சில மணி நேரப் பறப்பிலேயே தளர்ந்துவிடும்.

நிறுத்துவதற்குப் பல வழி. கடைசிக் கண்ணைக் குறடால் நசுக்கிவிடுவது ஒன்று. வேகமான வேலை, ஆனால் நசுக்கிய கண்ணில் வெடிப்பு வரலாம், கம்பியை மாற்ற வேண்டி வந்தால் கண்ணையே இழக்க வேண்டும். எனக்கு அது பிடிப்பதில்லை. கம்பியின் முனையைச் செங்கோணமாக வளைத்து, பக்கத்துத் தகட்டில் துளையிட்டு, முறுக்கிய துருப்பிடிக்காத கட்டுக்கம்பியால் கட்டுவது இன்னொன்று. இதுதான் பரவலாக நடப்பது, கண்ணுக்கும் தெரியும். மறுமுனையை மறக்கக் கூடாது: ஒரு முனையைக் கட்டிவிட்டு மற்ற முனை திறந்தே இருந்தால், கம்பி நடுவில் முறியும்போது கட்டாத பாதி மெல்ல வெளியேறும். மூன்றாவது வழி, கம்பியை இரண்டு துண்டாக வெட்டி, பிணைச்சலின் நடுவே ஒரு கண்ணை வெட்டியெடுத்து, அங்கிருந்து இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக விடுவது. நடுவில் இரண்டு முனைகளையும் வளைத்து ஒரு சின்னத் தகட்டின் கீழ் இறுக்கிவிட்டால், வெளிமுனைகள் மூடியிருக்கும்போது எந்தத் துண்டும் எங்கும் போக முடியாது. நீளக் கம்பியை உள்ளே விடும் சிரமமும் பாதியாகிறது. அந்தச் சிரமம் பற்றி ஒரு வார்த்தை: கம்பியின் முனையை அரத்தால் கூராக்கி, பின்முனையை டிரில் மெஷினில் பிடித்து மெல்லச் சுழற்றியபடி கொஞ்சம் எண்ணெயோடு விட்டால் போகும். சுத்தியலால் அடித்தால் கம்பி உள்ளேயே வளைந்து, பிறகு எந்நாளும் உராயும்.

போல்ட்டுக்கு வருவோம். வேர்க்‌ஷொப்பில் இப்படி ஒரு பேச்சு நடக்காத நாளே இருக்காது:

"நைலோன் நட்டுத்தானே அண்ணே போட்டிருக்கேன், அது கழலாதே. அப்புறம் எதுக்கு ஸ்பிளிட் பின்?"

"தம்பி, அந்த போல்ட்டு சும்மா நிக்கிதா, ஆடுதா? அதச் சொல்லு மொதல்ல."

அண்ணன் கேட்டதுதான் விதியிலும் உள்ளது. இயக்கத்தின்போது சுழலக்கூடிய போல்ட்டில் உராய்வை மட்டும் நம்பும் நட்டைத் தனியாகப் போடக் கூடாது. உராய்வைச் சாராத இன்னொரு பூட்டும் வேண்டும். கழன்றால் பத்திரமாக இறங்க முடியாது என்ற நிலையில் உள்ள எந்த இணைப்புக்கும் இரண்டு பூட்டு. இவை இரண்டும் அதே பழைய அமெரிக்க விதிகளில் இருந்தவை. நைலோன் வளையம் நட்டைப் பிடிப்பது உராய்வால். போல்ட் ஓராயிரம் தடவை இப்படியும் அப்படியும் திரும்பினால் அந்தப் பிடி மெல்லத் தளரும். தலையில் பள்ளம் வெட்டிய காசல் நட்டும், போல்ட்டின் துளை வழியே போகும் ஸ்பிளிட் பின்னும் சேர்ந்தால், பின் அறுந்தாலொழிய நட்டு நகராது. அதனால்தான் பிணைச்சலுக்கு வாங்கும் ஏஎன் போல்ட்டின் நுனியில் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இலக்கத்தின் கடைசியில் ஏ என்ற எழுத்து இருந்தால் துளை இல்லாதது.

முறுக்கும் அளவும் சின்னது. ஏஎன்3 போல்ட்டில் மெல்லிய காசல் நட்டுக்கு 12 முதல் 15 அங்குல-பவுண்டு, நியூட்டன் மீட்டரில் சொன்னால் 1.4 முதல் 1.7. சாதாரண உயர நட்டுக்கு 20 முதல் 25. லொறி நட்டு இறுக்கிய கைக்கு இது ஒன்றும் இறுக்காத மாதிரித் தோன்றும். அளவுச் சாவி இல்லாமல் செய்ய வேண்டாம். நட்டின் பள்ளமும் போல்ட்டின் துளையும் நேராக வராவிட்டால் நட்டைத் தளர்த்தாமல், வாஷரின் தடிப்பை மாற்றி நேராக்க வேண்டும். ரடர் பிணைச்சல் போல நிமிர்ந்து நிற்கும் போல்ட்டில் தலை மேலே இருக்கட்டும். நட்டே போனாலும் போல்ட் தன் எடையால் அங்கேயே இருக்கும்.

ஏஎன் போல்ட் இங்கே கடையில் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க மாதமாகும், செலவாகும். அப்போதுதான் கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தை ஞாபகம் வரும். அங்கே கிடைக்காத போல்ட்டே இல்லை. ஆனால் 5 மி.மீ. போல்ட் 4.76 மி.மீ. துளைக்குள் போகாது. துளையைப் பெரிதாக்கினால் பிறகு சரியான போல்ட்டுக்குத் திரும்ப முடியாது. லொறி போல்ட்டில் புரி பெரும்பாலும் கழுத்துவரை ஓடும். பிணைச்சல் துளைக்குள் புரி வந்தால் அது அரம் மாதிரி அலுமினியத்தைத் தின்னும். ஏஎன் போல்ட்டில் வழுவழுப்பான பகுதியின் நீளம் எட்டில் ஓர் அங்குலப் படிகளில் வருவதே இதற்காக. தலையில் சிலுவைக் குறி இருக்கிறதா என்று பார்த்தால் சாதி தெரியும்.

ஆட்டம் என்ற பகுதிக்கு வருகிறேன். பிணைச்சல் தேய்ந்து ஒரு துளி ஆட்டம் வந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். ஏலரானின் எடை மையம் பிணைச்சல் கோட்டுக்குப் பின்னால் இருந்தால், இறக்கை ஒரு குலுங்கலில் மேலே போகும்போது ஏலரான் பின்தங்கிக் கீழே நிற்கும். கீழே நிற்கும் ஏலரான் இறக்கையை இன்னும் மேலே தள்ளும். இறக்கை திரும்பிக் கீழே வரும்போது அதே கதை மறுபக்கம். ஒவ்வொரு சுற்றுக்கும் காற்று சக்தி கொடுக்கிறது. குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் அந்த சக்தியை எதுவும் தணிக்க முடியாமல் போய், சில வினாடிகளில் ஏலரானோ இறக்கையோ பிய்ந்துவிடும். ஃப்ளட்டர் என்பது இதுதான். பிணைச்சல் கோட்டுக்கு முன்னால் ஈயக் கட்டி வைத்து எடையைச் சமன் செய்வது இதற்கு மருந்து. ஆட்டம் அந்த மருந்தைக் கெடுக்கும்: ஆட்டத்துக்குள் பரப்பு எந்தப் பிடியும் இல்லாமல் சுதந்திரமாக அசையும்.

டிரிம் டாப் போன்ற துணைப் பரப்புக்கு அமெரிக்காவின் பழைய, இன்றும் புழங்கும் எளிய அளவுகோல் ஒன்று உண்டு: பின்விளிம்பில் மொத்த ஆட்டம், பிணைச்சல் கோட்டிலிருந்து பின்விளிம்புவரை உள்ள அகலத்தில் 2.5 சதவீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். 80 மி.மீ. அகல டாப்புக்கு அது 2 மி.மீ. இந்த 2 மி.மீ. எவ்வளவு சீக்கிரம் வந்துவிடும் என்று பாருங்கள்: டாப்பை இழுக்கும் கொம்பின் நீளம் 20 மி.மீ. என்றால், அந்த மூட்டில் வெறும் அரை மி.மீ. தளர்வு பின்விளிம்பில் நான்கு மடங்காகி 2 மி.மீ. ஆகிறது. டாப் மாட்டியிருக்கும் பரப்பை ஒருவர் அசையாமல் பிடித்திருக்க, இன்னொருவர் பின்விளிம்பை இரண்டு விரலால் மெல்ல அசைத்து, பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். பிணைச்சல், தள்ளுகோல், கேபிள் எல்லாவற்றின் ஆட்டமும் சேர்ந்து அங்கே தெரியும்.

மலைநாட்டுக்காரர்கள் இதில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது உயரம். நுவரெலியா 1868 மீட்டரில் இருக்கிறது. அங்கே 16 பாகை செல்சியஸில் காற்றின் அடர்த்தி கடல்மட்ட நியம அளவில் கிட்டத்தட்ட 80 சதவீதம்தான். வேகமானி அடர்த்தியையும் சேர்த்து அளப்பதால் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும்: முள் 180 காட்டினால் விமானம் உண்மையில் 200க்கு மேல் போகிறது, சுமார் 12 சதவீத வித்தியாசம். இறக்கை தாங்கும் பாரத்துக்கு முள் காட்டுவதே சரி. ஃப்ளட்டர் பெரிதும் உண்மை வேகத்தைப் பார்க்கிறது. கரையோரத்தில் முள்ளின் சிவப்புக் கோட்டுக்குக் கீழே நிம்மதியாக இருந்த அதே தேய்ந்த பிணைச்சல், பிதுருதாலகாலையைச் சுற்றும்போது அந்த நிம்மதியின் பெரும்பகுதியைத் தின்றுவிட்டிருக்கும். வடிவமைப்பாளர் தந்த உச்ச வேகம் முள் வேகமா, உண்மை வேகமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் மலைப்பக்கம் வரக் கூடாது.

அடுத்தது மழை. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டுக்கு 5000 மி.மீ. அளவுக்குப் பெய்யும். பெய்யாத நாளில் பனிமூட்டம். அலுமினியக் கண்ணுக்குள் உருக்குக் கம்பி, இடையில் எப்போதும் ஈரம்: இரண்டு உலோகங்களுக்கும் நடுவே சின்ன மின்கலம் ஒன்றே உருவாகி அலுமினியம் அரிக்கப்படும். துருப்பிடிக்காத கம்பியைப் போட்டால் கம்பிக்குத் துருவில்லை, ஆனால் அலுமினியம் தப்பிவிடாது. ஈரம் தங்காமல் பார்ப்பதே வழி. கிறீஸ் அப்பினால் தூசு ஒட்டி அரைக்கும் பசையாகிவிடும். ஈரத்தை விரட்டும் மெல்லிய எண்ணெயை அடிக்கடி கொஞ்சமாக விடுவது நல்லது. மர விமானமென்றால் கதை வேறு. அட்டன் மழையில் ஊறிப் பருத்த ஸ்பார், ஊவாப் பக்கம் கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் காய்ந்து சுருங்கும். பிராக்கெட்டைப் பிடித்த நட்டு யாரும் தொடாமலே தளர்ந்திருக்கும். பருவம் மாறும்போதெல்லாம் மரத்தில் உள்ள நட்டுகளை அளவுச் சாவியால் சரிபார்க்க வேண்டும்.

பலரும் கணக்கில் எடுக்காதது நிறுத்தி வைத்திருக்கும் நேரம். பிணைச்சலுக்கு மிகக் கடுமையான அடி பெரும்பாலும் தரையில்தான் விழுகிறது. கணவாய் வழியே புகுந்து வரும் காற்று பின்பக்கமிருந்து அடித்தால், பூட்டாமல் விட்ட எலிவேட்டரும் ரடரும் ஒரு தடுப்பிலிருந்து மறு தடுப்புக்கு விசிறப்படும். ஒவ்வொரு அடியும் பிணைச்சலில் சம்மட்டி போல இறங்கும். உள்ளே இருக்கையில் கோலைப் பெல்ட்டால் கட்டுவது போதாது, அப்போது அடி கேபிளையும் தள்ளுகோலையும் தாண்டித்தான் கோலுக்கு வருகிறது. பரப்பையும் அதன் பக்கத்து நிலையான பகுதியையும் சேர்த்து வெளியிலிருந்து பிடிக்கும், உட்பக்கம் மெத்து ஒட்டிய பலகைப் பூட்டு வேண்டும். சிவப்புத் துணி தொங்க விடுங்கள், பறக்கும் முன் கழற்ற மறக்காமல் இருக்க.

பார்வையிடும்போது எதைத் தேட வேண்டும்? பிணைச்சலின் கீழ்ப்பக்கம் கறுத்த கோடு வழிந்திருந்தால் அது பழைய எண்ணெய் என்று துடைத்துவிடாதீர்கள். தேய்ந்த அலுமினியத் தூள் எண்ணெயோடு கலந்தால் அந்த நிறம்தான் வரும். துடைத்துவிட்டு, அடுத்த சில பறப்புகளில் மறுபடி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் உள்ளே தேய்மானம் ஓடிக்கொண்டிருக்கிறது. ரிவெட் தலையைச் சுற்றிக் கறுப்பு வளையம் இருந்தால் ரிவெட் தளர்ந்திருக்கிறது. நட்டின் மேல் பூசிய வர்ணக் கோடு உடைந்திருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது. பரப்பைக் கடைசிவரை மேலும் கீழும் அசைத்து, எங்கேயாவது இறுகுகிறதா, கரகரக்கிறதா என்று கையால் உணர வேண்டும். ஊசிக்கம்பியின் முனையைக் குறடால் பிடித்து இழுத்தும் பார்க்கலாம், அசையக் கூடாது.

கழற்றிய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடுவது வேர்க்‌ஷொப்புகளில் எல்லோரும் செய்வது. விமானப் பிணைச்சலில் ஒரு தடவை வளைத்த பின் குப்பைக்குத்தான் போக வேண்டும். ஏஎன்3க்குரிய பதினாறில் ஓர் அங்குலப் பின் ஒன்றும் பெரிய செலவில்லை. போட்ட பிறகு ஒரு காலைப் போல்ட் நுனியின் மேலும் மற்றதை நட்டின் பக்கமாகக் கீழும் மடித்து, நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டி, வெட்டிய துண்டு எங்கே விழுந்தது என்று தேடி எடுத்துவிட வேண்டும்.